இரண்டு விரல் நீளம்

பிப்ரவரி 3, திங்கள்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் எழுத்துகள் சந்தைக்கு ஓட்டி வந்த ஆடுகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கின்றன. அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கம் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படுகிறது. நாற்பது வருடம் பால் கேன் தூக்கிய கை இது. எடை இல்லாத பொருளை எப்படிப் பிடிப்பது என்று இதற்குத் தெரியவில்லை.

ஜெசிந்தா டீச்சர்தான் எழுதச் சொன்னார். முதியோர் கல்வி வகுப்பில் நான் சத்தம் போடுகிறேனாம். ஃபேன் சுற்றவில்லை என்றால் சத்தம், பக்கத்தில் இருப்பவர் என் ரப்பரை எடுத்தால் சத்தம். "உங்களுக்கு வர்ற கோபத்தை எல்லாம் வீட்டிலிருந்தே எழுதிக் கொண்டு வாங்க ஐயா. திங்கக்கிழமை நான் பார்க்கிறேன். உங்களுக்கு எழுத்தும் பழகும், எங்களுக்கு வகுப்பும் நடக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

என் பெயர் சென்னியப்பன். இதை மட்டும் பார்க்காமல் எழுதுவேன். வயது அறுபத்தெட்டு. வீடு சுந்தராபுரம். மனைவி ராமாத்தாள். ஒரே மகள் மேகலா, இருபத்தேழு வயது, பம்பு செட் கம்பெனியில் வேலை.

இன்றைய கோபம் அவளுடைய சைக்கிள் மேல். அதில் சீட் இல்லை. முதன்முதலில் இந்த மாதிரி வண்டியைப் பார்த்தபோது மாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, சீட்டே கிடையாதாம். பெல் இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. ட்ரையல்ஸ் சைக்கிள் என்று பெயர். ஓர் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கான வண்டி இல்லை அது. அதை வைத்துக்கொண்டு பாறை மேல் ஏற வேண்டும், பாறையிலிருந்து பாறைக்குத் தாவ வேண்டும், கால் தரையில் படாமல் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். கால் ஊன்றினால் குற்றப் புள்ளி. வேகமாகப் போனால் பரிசு கிடையாது. அறுபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு பந்தயத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த ஒரு பக்கம் எழுதுவதற்குள் டீ இரண்டு தடவை ஆறிவிட்டது. ராமாத்தாள் மூன்றாவது தடவை சுட வைத்துத் தர மாட்டேன் என்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

புது ஃபிரேமுக்கு இன்று சக்கரம் மாட்டினாள். இதுவரை மேகலா ஓட்டியது சைக்கிள் கிளப்பின் வண்டி. நவம்பரில் அவள் கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. அதோடு அந்த வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இது அவளுக்கென்றே அவள் சம்பளத்தில் செய்தது. மருதாசலத்தின் வெல்டிங் பட்டறையில் செய்தது.

மார்ச் 16 அன்று மதுக்கரைப் பக்கம் பழைய கல்லுக்குழியில் மாநிலத் தேர்வு. பெண்களுக்கு என்று தனியாக வைப்பது இதுதான் முதல் தடவை. மாநில அணிக்கு இரண்டு பேரை எடுப்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவு அவசரம்.

டிசம்பரில் கையில் தொட்டில் கட்டு போட்டுக்கொண்டே மருதாசலத்தின் பட்டறைக்குப் போனாள். நான் துணைக்குப் போனேன். அவர் பட்டறையில் காகிதம் கிடையாது. ஃபிரேமை முழு அளவில் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வரைந்து, அந்தக் கோட்டின் மேல் குழாயை வைத்துப் பார்த்து அறுப்பார். அதனால் மேகலா தரையில் மண்டி போட்டு இடது கையால் வரைந்தாள்.

"அண்ணா, பின்சக்கரம் எவ்வளவு கிட்ட வருதோ அவ்வளவுக்கு முன்சக்கரம் சுளுவா மேல வருமுங்க. அதனால பின்குழாய் கட்டையா இருக்கோணும். பெடல் அச்சு, சக்கரத்தோட அச்சுக்கு மேல நிக்கோணும். ஒத்தச் சக்கரத்துல நிக்கறப்ப அதுதான் என்னைத் தாங்கும். ஹேண்டில்பார் கழுத்து நெட்டுக்குத்தா. திருப்புன எடத்துல திரும்போணும்."

"கழுத்தும் நெட்டுக்குத்து, வாலும் கட்டை. சைக்கிளுங்களா அம்மிணி, சண்டைச் சேவலுங்களா?" என்றார் மருதாசலம்.

என் பால் வண்டி இதற்கு நேர் எதிர். பின்சக்கரம் தள்ளி இருக்கும். பெடல் தாழ்ந்து இருக்கும். கழுத்து சாய்ந்து இருக்கும். நான்கு கேன் தொங்கினாலும் கையை விட்டுவிட்டுத் தலைப்பாகை கட்டலாம். போகிற வழியை விட்டு விலகாது. வண்டி என்றால் அது வண்டி.

மேகலா வரைந்த படம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி மேலே எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மேகலா வேலை முடிந்து கல்லுக்குழிக்குப் போய்விட்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. ராமாத்தாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். இவள் டெட்டால்தான் வேண்டும் என்றாள். இரண்டு பேரும் சண்டை போட்டார்கள்.

பெடல் பாறையில் இடிக்கிறதாம். முன்சக்கரம் பழையபடி எழும்பவில்லையாம். கிளப் நடத்தும் பிரதீப், "அடிபட்ட பயம் ஒடம்புல இருக்கும் மேகலா. தானாப் போகும்" என்றானாம்.

பயமாம். இவள் பயந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பாம்பைக் கம்பால் தள்ளிவிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனவள். பிரதீப் மீசையைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று 'மருத்துவமனை' என்று பார்க்காமல் எழுதினேன். சந்தோஷம் தாங்கவில்லை, ராமாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஏனுங்க, நல்ல வார்த்தையே கெடைக்கலீங்களா உங்களுக்கு?" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கல்லுக்குழிக்கு நானும் போனேன். பஸ்ஸின் பெயர்ப் பலகையை நானே படித்து ஏறினேன். நடத்துனரிடம் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. அவரே "பெருசு, இது எங்க போவுதுன்னு தெரிஞ்சுதான் ஏறுனீங்களா?" என்று கேட்டார். "போத்தனூர் வழி மதுக்கரை" என்று சொல்லிவிட்டுப் பெருமையாக உட்கார்ந்தேன். அந்தப் பெருமை அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

என் இடுப்பு உயரத்துக்கு ஒரு பாறை. நவம்பரில் கிளப் வண்டியில் அதன் மேல் அவள் சும்மா போய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முழங்காலை மடக்குவாள், ஹேண்டில்பாரைத் தன் பக்கம் இழுப்பாள், முன்சக்கரம் எழுந்து பாறையின் விளிம்பில் உட்காரும், அடுத்த மூச்சில் பின்சக்கரமும் மேலே இருக்கும். இன்று இழுத்தாள். முன்சக்கரம் எழுந்தது. ஆனால் விளிம்பைத் தொடும் அளவு எழவில்லை. பாறையின் முகத்தில் போய் முட்டியது. மறுபடி இழுத்தாள். மறுபடி முட்டியது. இழுத்து இழுத்துக் கழுத்து நரம்பு புடைத்தது.

பிரதீப் கைதட்டி, "விடு மேகலா, விடு, கமிட் பண்ணு! பாதி மனசோட இழுக்குற!" என்றான்.

வண்டியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். தண்ணீர் குடித்தாள். வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா, வண்டி நீளமாத் தெரியுதுங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நாப்பது வருசம் சைக்கிள்லயே இருந்தீங்களே."

"அது பால் வண்டி கண்ணு. இதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

"மருதாசலண்ணன்கிட்டக் கேட்டேன். சொன்னபடியேதான் வெச்சிருக்குதுன்னாரு. அப்ப எனக்குத்தான் தைரியம் போச்சு போல."

அப்படிச் சொல்லிவிட்டு மறுபடி பாறைக்குப் போனாள். ஊரில் இத்தனை பேர் இருக்க என்னை எதற்குக் கேட்கிறாள்? வரும்போது பஸ்ஸில் சில்லறை இல்லை என்று நடத்துனரோடு சண்டை போட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கேஸ் சிலிண்டர் வரவில்லை. மோட்டார் ஓடவில்லை. முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. மூன்றுக்கும் சேர்த்துக் கத்தினேன்.

ராமாத்தாள் கீரை ஆய்ந்துகொண்டே, "டிசம்பர்ல கண்ணு படம் போட்டுட்டு வந்தாளே, அதுக்கு மறுநாளு நீங்க எங்கீங்க போனீங்க? செருப்பெல்லாம் சாக்பீஸ் பொடியா இருந்துதே" என்று கேட்டாள்.

டீக்கடைக்கு என்றேன்.

"டீக்கடையில சாக்பீஸ் விக்கறாங்களாக்கும்" என்றாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்று நீளமாக எழுத வேண்டும் போல இருக்கிறது. நாளை டீச்சர் படிப்பார். படித்தால் படிக்கட்டும்.

நவம்பரில் அவள் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். பாறையின் மேல் பின்சக்கரத்தில் நின்றாள். முன்சக்கரம் அவள் நெஞ்சுக்கு நேரே வந்தது. பிறகு முகத்துக்கு நேரே வந்தது. பிறகு வண்டி அவள் மேல் கவிழ்ந்தபடி மல்லாக்கப் பின்னால் போனாள். சத்தம் வந்தது. காய்ந்த சுள்ளியை மிதித்த மாதிரி. அவள் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரம் முழுவதும் எனக்கு ஒரே யோசனை. என் வண்டி என்னை ஒரு நாளும் மல்லாக்கத் தள்ளியதில்லை. மழையில் தள்ளியதில்லை, மேட்டில் தள்ளியதில்லை. ஏன்? பின்சக்கரம் தள்ளி இருக்கிறது. பாரம் தாழ்ந்து இருக்கிறது. இவள் வண்டியில் பின்சக்கரம் காலுக்கடியிலேயே வந்து நிற்கிறது. கவிழாமல் என்ன செய்யும்?

ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஒரு அப்பன் இருக்கிறான். அவன் மகள் தரையில் ஒரு படம் வரைகிறாள். மறுநாள் அவன் தனியாகப் பட்டறைக்குப் போகிறான். செருப்புக் காலால் கோட்டைத் தேய்க்கிறான். பின்சக்கரத்தை இரண்டு விரல் நீளம் தள்ளி வை என்கிறான். பெடல் அச்சைக் கட்டைவிரல் அளவு இறக்கு என்கிறான். வெல்டர் தலையைச் சொறிகிறார். "அம்மிணிகிட்டக் கேக்க வேண்டாமுங்களா?" என்கிறார். "அவகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்கிறான் அப்பன். அவ்வளவுதான். பெற்றவன் அதைச் செய்யக் கூடாதா? யாராவது சொல்லட்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: 'எழுத்து திருந்தியிருக்கிறது. அந்த அப்பா தன் மகளிடம் சொன்னாரா?'

நான் எழுத்துப் பிழையை மட்டும் பார்க்கத்தான் கொடுத்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

முன்சக்கரம் எழவில்லை என்பதால் மேகலா தூரத்திலிருந்து ஓட்டி வந்து வேகத்தில் ஏறப் பார்த்திருக்கிறாள். சக்கரம் விளிம்புக்குக் கீழே முட்டி வண்டி நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புறப் போய்ப் பாறை மேல் விழுந்திருக்கிறாள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டது. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, முறியவில்லை. ஹேண்டில்பார் வளைந்துவிட்டது.

பின்னால் விழக் கூடாது என்று பார்த்தால் முன்னால் விழுகிறாள்.

பிரதீப் வீட்டுக்கே வந்தான். ராமாத்தாள் போட்ட காபியைக் குடித்தான். "ஐயா, சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. சிலருக்கு ஒரு அடியோட தைரியம் போயிடும். அது ஒண்ணும் கேவலமில்லை. நல்ல எடமாப் பாத்துக் கல்யாணம் பண்ணி வைங்க. வண்டியை வேணா நான் வித்துத் தர்றேன்" என்றான்.

அவன் போன பிறகு மேகலா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவரு சொல்றது நெசந்தானுங்கம்மா. கை இழுக்குது, ஒடம்பு வர மாட்டீங்குது. நா பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன். தேர்வுக்குப் பேர் குடுத்ததை நாளைக்கு வாபஸ் வாங்கிப்போடறேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இது நான் நினைத்ததுதான். பாறை வேண்டாம், வண்டி வேண்டாம், வீட்டோடு பத்திரமாக இருப்பாள். நினைத்தது நடந்தால் மனிதனுக்குச் சோறு இறங்க வேண்டும். எனக்கு இறங்கவில்லை. தட்டை நகர்த்தினேன். ராமாத்தாள் அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அதுதான் எனக்குக் கோபம்.

மார்ச் 4, செவ்வாய்

வண்டியை விற்பதற்கு முன்னால் ஹேண்டில்பாரை நிமிர்த்த வேண்டும் என்று மேகலா பட்டறைக்குக் கிளம்பினாள். நான் கொண்டுபோகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். வெயிலாக இருக்கிறது என்றேன். "உங்களுக்கு மட்டும் நெழலுங்களா?" என்றாள். கூடவே போனேன். மருதாசலத்திடம் கண் காட்டலாம் என்று நினைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆர்கான் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார். எந்தக் கண்ணைக் காட்டுவது?

கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரித்தார். "வாங்க அம்மிணி, வாங்கய்யா. என்ன இது, ஹேண்டில்பாரு ஆட்டுக்கொம்பாட்டம் ஆயிருக்குது? ஐயா சொன்னாப்பல ரெண்டு விரல் கூட்டி வெச்சும் கவுந்துதுங்களா?"

மேகலா, "என்ன ரெண்டு விரல்?" என்றாள்.

"பின்குழாயிங்க. அப்பறம் பெடல் ஒரு கட்டைவிரல் எறக்கம். நீங்க படம் போட்ட மறுநாளு ஐயா வந்து சொன்னாங்களே." அவர் என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. "உங்ககிட்டச் சொல்லிக்கறேன்னாங்க."

மேகலா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய டேப்பை எடுத்துத் தானே அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள். பிறகு மருதாசலத்தைக் கேட்டாள்.

"அண்ணா, இந்த வண்டி ஆருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க."

"படம் போட்டது ஆரு?"

"நீங்கதானுங்க அம்மிணி. ஆனா பெரியவங்க நேர்ல வந்து சொல்றப்ப நா எப்படிங்க மாட்டேங்கறது? ஊட்டுல பேசித்தான் வந்திருப்பாங்கன்னு…"

"அப்ப எங்க மாமன் வந்து சொன்னா மாத்துவீங்க. சித்தப்பன் வந்தா மாத்துவீங்க. பக்கத்து ஊட்டுக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்தாலும் மாத்துவீங்க. ஓட்டறவ சொன்னா மட்டும் இன்னொரு ஆளு வந்து தலையாட்டோணும்."

மருதாசலம் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நான் முந்திக்கொண்டேன். "நீ மல்லாக்க விழுந்ததை நான் பார்த்தேன் கண்ணு. உன் நல்லதுக்குத்தான். நீளமா இருந்தாக் கவிழாதுன்னு…"

"கவுரலீங்கப்பா. ஏறவும் இல்லை. கல்லுல கொண்டுபோய் மூஞ்சிய மோதுச்சு. நீங்க கட்டுனது பால் வண்டி. அதை வெச்சுப் பாறை ஏறப் பாத்தேன் நானு, ஒரு மாசமா."

"கோபப்படாதே…"

"ஏன் படக்கூடாது? வண்டியை மாத்துனீங்க, அதைக்கூட உடுங்க. அன்னைக்குக் கல்லுக்குழியில நீளமாத் தெரியுதான்னு உங்களைத்தானே கேட்டேன்? எனக்கென்ன தெரியும்னீங்க. என்ற கையை நானே நம்பாம, என்ற தைரியத்தை நானே நம்பாம, ராத்திரி எல்லாம் முழிச்சுக் கெடந்தேன். அதையும் பாத்துட்டுச் சும்மா இருந்தீங்க."

பட்டறைக்கு வெளியே நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் நாற்பது வருடம் வாசலுக்கு வாசல் கத்திப் பால் விற்றவன். கீழே கிடந்த குழாய்த் துண்டுகளைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன்.

மேகலா சாக்பீஸை எடுத்துத் தரையில் மண்டி போட்டாள். பழைய படத்தையே மறுபடி வரைந்தாள். "அறுங்கண்ணா. பின்னாடி பூராத்தையும் அறுத்துட்டு இதுல வைங்க. சனிக்கிழமைக்குள்ள வேணும், தேர்வுக்குக் குடுத்த பேரை நா இன்னும் வாபஸ் வாங்கலை. இதைத் திருத்தோணும்னு ஆரு வந்தாலும், ஐயா வந்தாலும் சரி, அந்த ஐயனே எறங்கி வந்தாலும் சரி, என்னையக் கேக்காம ஒரு கோடு அழியக் கூடாது."

"சத்தியமாங்க அம்மிணி" என்றார் மருதாசலம்.

என்னை விட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்குப் போனாள். நான் நடந்து வந்தேன். வழியில் இருந்த கடைப் பலகைகளை ஒன்றுகூடப் படிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மேகலா என்னோடு பேசவில்லை. "அம்மா, அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்கிறாள். நான் அங்கேயேதான் நிற்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஃபிரேம் சனிக்கிழமையே வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்க நேரமில்லை, வெல்டிங் தழும்போடுதான் ஓட்டுகிறாள். இப்போது முன்சக்கரம் கையால் தொட்ட உடனே எழுகிறதாம். அதுதான் புதுத் தொல்லை. சமையல்கட்டில் ராமாத்தாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னாளா, தெரியவில்லை.

"நீள வண்டியில ஒரு மாசம் வெறி புடிச்சாப்பல இழுத்துப் பழகிட்டனுங்கம்மா. கை அதையே புடிச்சுக்கிச்சு. இப்பவும் அப்படியே இழுக்குது. இந்த வண்டிக்கு அது எச்சு, பாதி இழுத்தாப் போதும். பின்னாடி போயிடறேன். கைக்கு எப்படிச் சொல்றது, வண்டி மாறிப்போச்சுன்னு?"

"சொல்லிச் சொல்லித்தான் கண்ணு" என்றாள் ராமாத்தாள்.

"ஆறு நாள்லயா?"

டீச்சரிடம் இந்த வாரப் பக்கங்களைக் கொடுத்தேன். அந்த அப்பா நான்தான் என்று வாயால் சொன்னேன். "தெரியும் ஐயா" என்றார். தெரிந்தால் எதற்குக் கேள்வி கேட்டு எழுத வேண்டும்?

மார்ச் 16, ஞாயிறு

வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராமாத்தாளும் நானும் அடுத்த பஸ்ஸில் போனோம். கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றோம்.

முதல் பாறைகளை அவள் கால் ஊன்றாமல் தாண்டினாள். இரண்டு பாறைக்கு நடுவே ஒரு பள்ளம். அதன் விளிம்பில் வந்து பின்சக்கரத்தில் எழுந்து நின்றாள். முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. நவம்பரில் பார்த்த அதே கோலம். ஆனால் இந்தத் தடவை அவள் காலைப் பார்த்தேன். பின்சக்கரம் நேராக அவளுக்கு அடியில் இருந்தது. பெடல் அதற்கு மேலே. ஒரு மரம் அதன் வேரின் மேல் நிற்பது போல அவள் சக்கரத்தின் மேல் நின்றாள். சின்னச் சின்னதாக இரண்டு குதி குதித்துச் சரி செய்துகொண்டாள். பிறகு தாவி அந்தப் பக்கம் இருந்தாள். என் இரண்டு விரலை நடுவில் வைத்திருந்தால் அவள் கால் பள்ளத்தில் இருந்திருக்கும்.

ராமாத்தாள், "பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன்.

கடைசிப் பாறை உயரம். கூட்டம் சத்தம் போட்டது. அவள் இழுத்தாள். எச்சாக இழுத்துவிட்டாள். வண்டி பின்னால் சாய்ந்தது, இடது கால் தரைக்கு வந்தது. உடனே மறுபடி இழுத்தாள், அதுவும் எச்சு. மறுபடி கால். பிறகு ஏறிவிட்டாள். ஆனால் முடிவு அங்கேயே தெரிந்துவிட்டது. மூன்றாவது இடம். எடுத்தது இரண்டு பேரை.

பிரதீப் ஓடி வந்தான். "என்ன மேகலா, பயமெல்லாம் போயிடுச்சு போல! போன மாசமே இப்படி ஓட்டியிருந்தா…"

"பயம் இருந்ததே இல்லை பிரதீப். நீங்களா வெச்ச பேரு அது. வண்டி தப்பா இருந்துச்சு."

"தப்பா? யாரு பண்ணது?"

வெல்டிங்கில் கோளாறு என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். மனது அப்படி வேண்டியது.

"எங்கப்பா" என்றாள். "எனக்குத் தெரியாம ஃபிரேமை நீளம் பண்ணிப்போட்டாரு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிரதீப், "ஐயா, நாலு பால் கேன் மாட்டறதுக்குக் கொக்கியும் வெச்சீங்களா?" என்றான். சிரிப்பு கல்லுக்குழி முழுக்கச் சுற்றி வந்தது. அவனைத் திட்ட எனக்கு நல்ல நல்ல வார்த்தைகள் வந்தன. அவன் என் மகளைப் பயந்தவள் என்று சொன்னவன். ஆனால் அவனை அப்படிச் சொல்ல வைத்தவன் நான். அதனால் நின்றேன். மேகலாவும் சிரிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சாப்பிடும்போது மேகலா நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். பதினேழு நாளைக்குப் பிறகு என்று ராமாத்தாள் சொன்னாள். நான் எண்ணவில்லை.

"ஜூன்ல பெங்களூருல ஒரு போட்டி இருக்குது. போறேன். ஞாயித்துக்கெழமை கல்லுக்குழியில பழகோணும். நா எங்கெங்க கால் வெக்கறேன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. ஒரு ஆளு நின்னு எழுதோணும். எந்தப் பாறை, எந்தக் கால், முன்னாடியா பின்னாடியான்னு. நீங்க வரீங்களா?"

"வரேன் கண்ணு."

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கிளப்புல ஆரும் கெடைக்கலை. அதான்."

"சரி."

"பாக்கறதை எழுதோணும். அவ்வளவுதான். இப்படி இழு, அப்படி இழுன்னு ஒரு பேச்சு வரக் கூடாது. வேண்டாம் கண்ணுங்கறதும் வரக் கூடாது."

"விழுந்தா?"

"விழுந்தேன்னு எழுதுங்க."

ராமாத்தாள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நான் கேட்கவே இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

'ஏழாம் பாறை. வலது கால். பின்னால்.' இப்படி இன்று முழுவதும் எழுதினேன். அவள் அடுத்த பாறைக்குப் போவதற்குள் நான் போன பாறையையே எழுதி முடித்திருக்க மாட்டேன். "எழுதிட்டீங்களா?" என்று வண்டியை அசையாமல் நிறுத்திக்கொண்டே கேட்பாள். என் எழுத்து முடியும் வரை பின்சக்கரத்திலேயே நின்றாள் ஒரு தடவை. எனக்காக நின்றாளா, பழகுவதற்காக நின்றாளா, கேட்கவில்லை.

கடைசியில் அந்தப் பெரிய பாறை. இழுத்தாள். முன்சக்கரம் நெஞ்சுக்கு வந்தது. முகத்துக்கு வந்தது. போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டை வரை வந்துவிட்டது, வேண்டாம் கண்ணு என்பது. பல்லைக் கடித்தேன். அவள் காற்றிலேயே வண்டியை உதறித் தள்ளிவிட்டு இரண்டு காலிலும் தரையில் வந்து நின்றாள். வண்டி தனியாகப் போய் விழுந்தது.

உடனே என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாயைத்தான் பார்த்தாள். மூடியிருந்தது.

குனிந்து 'விழுந்தாள்' என்று எழுதினேன். நான் நிமிர்வதற்குள் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி பாறைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

வெயிலில் வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கோபமான வேலை என்று யாருக்கும் தெரியாது. வரும் ஞாயிறும் நிற்க வேண்டும். அடக்கி வைத்ததை எல்லாம் அடுத்த வாரம் இங்கே வந்து எழுதுகிறேன், இன்றைக்குக் கை ஓய்ந்துவிட்டது.